கோர்ட்டோரம்: டேவிட்சன் கல்லூரியின் அந்த சீசன், வாசகர் கேள்விகள்

போன இதழில், அமெரிக்காவின் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2008-ல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுவதும் டேவிட்சன்தான். பள்ளியில் பி.இ.டி. மாஸ்டராக இருந்து பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த அணியைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்குச் சலிக்காது.

அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது? 'சின்னக் கல்லூரி' என்றால் எவ்வளவு சின்னது? (கல்லூரி மாணவி, திருச்சி)

வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கிறது. ஊரின் பெயரும் டேவிட்சன்தான். 1837-ல் பிரஸ்பிட்டேரியன் சபையார் தொடங்கிய கல்லூரி. நான் சொல்லும் சீசனில் அங்கே படித்தவர்கள் மொத்தம் சுமார் 1,700 பேர். இளநிலைப் படிப்பு மட்டும்தான். உங்கள் திருச்சியின் பெரிய கல்லூரிகளில் ஒரே வருடத்தில் சேருகிற பிள்ளைகள் அதைவிட அதிகமாக இருப்பார்கள்.

படிப்பில் கறாரான இடம். ஆனால் பிள்ளைகளை நம்புகிற இடம். மாணவர்கள் சேரும்போதே நேர்மை உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நம்பிக்கையில், செமஸ்டர் தேர்வை மேற்பார்வையாளர் இல்லாமல், தனக்குத் தோதான வேளையில் எழுதிக்கொள்ளலாம். 2007-ல் இன்னொரு பெரிய காரியம் செய்தார்கள். வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித் தொகையில் கல்விக் கடன் என்ற பகுதியையே எடுத்துவிட்டு, முழுவதும் மானியமாகக் கொடுக்க முடிவெடுத்தார்கள்.

கூடைப்பந்தில் ஒரு பழைய பெருமை உண்டு. லெஃப்டி டிரீசல் என்ற கோச் இருந்த காலத்தில், 1968-லும் 1969-லும் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தார்கள். இரண்டு தடவையும் பக்கத்தில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு 2008 மார்ச் வரை தேசியப் போட்டியில் ஒரு வெற்றிகூட இல்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

இவ்வளவு சின்னக் கல்லூரி பெரிய பல்கலைக்கழகங்களோடு ஒரே போட்டியில் எப்படி ஆட முடிகிறது? (வாசகர், ஈரோடு)

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. பணம் குறைவாக இருந்தாலும் டேவிட்சன் முதல் பிரிவில் இருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரிகள் எல்லாம் சிறுசிறு கூட்டமைப்புகளாகப் பிரிந்து லீக் ஆடும். அன்று டேவிட்சன் இருந்தது சதர்ன் கான்ஃபரன்ஸில். மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு 2008-ல் 65 அணிகள் போயின. இப்போது 68. ஒவ்வொரு கூட்டமைப்பின் சாம்பியனுக்கும் அதில் ஓர் இடம் உறுதி. மற்ற இடங்களை ஒரு குழு பார்த்துக் கொடுக்கும். அவற்றில் பெரும்பாலானவை பெரிய கூட்டமைப்புகளுக்கே போய்ச் சேரும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கூட்டமைப்பின் சாம்பியன் யார் என்பதை லீக் முடிந்த பிறகு நடக்கும் சில நாள் நாக்-அவுட்தான் தீர்மானிக்கிறது. டேவிட்சன் அந்த சீசனில் லீக் ஆட்டம் இருபதிலும் ஜெயித்தது. அப்படியிருந்தும் நாக்-அவுட்டில் ஒரு ராத்திரி சறுக்கியிருந்தால், தேசியப் போட்டிக்கு அழைப்பு வருமா என்பதே சந்தேகம்தான். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அடுத்த வருடமே அப்படித்தான் ஆயிற்று. 2009-ல் லீக்கில் பதினெட்டு ஆட்டம் ஜெயித்தும் நாக்-அவுட் அரையிறுதியில் தோற்றார்கள். தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை.

ஐயா, எங்கள் பள்ளி அணியைக் கொழும்பு அணிகளோடு மோத விட எனக்கு ஆசை. பெரிய தோல்வி வந்தால் பிள்ளைகள் மனமுடைந்து போவார்கள் என்று அதிபர் (தலைமை ஆசிரியர்) தயங்குகிறார். டேவிட்சன் அனுபவம் என்ன சொல்கிறது? (உடற்கல்வி ஆசிரியர், யாழ்ப்பாணம்)

வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்த கடிதம் உங்களுடையது.

அந்த சீசனின் முதல் பத்து ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். நான்கு வெற்றி, ஆறு தோல்வி. கோச் பாப் மெக்கிலப், நாட்டின் தலையாய அணிகளைத் தேடிப்போய் ஆட்டம் கேட்டு வாங்கியிருந்தார். நவம்பரில் வட கரோலினா: 72-68, தோல்வி. டிசம்பர் முதல் தேதி டியூக்: 79-73, தோல்வி. ஒரு வாரம் கழித்து கலிஃபோர்னியா போய் யு.சி.எல்.ஏ.: 75-63, தோல்வி. டிசம்பர் 21-ல் வட கரோலினா ஸ்டேட்: 66-65, தோல்வி. இவை போதாதென்று வெஸ்டர்ன் மிச்சிகனிடமும் சார்லட் பல்கலைக்கழகத்திடமும் தோற்றார்கள். போன வருடம் 29 ஆட்டம் ஜெயித்த அணி, அதே முக்கிய ஆட்டக்காரர்கள், எதிர்பார்ப்போ ஏராளம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகும்போது கையில் நாலுக்கு ஆறு.

அப்புறம் என்ன நடந்தது? டிசம்பர் 21-க்குப் பிறகு அவர்கள் அடுத்து தோற்றது மார்ச் 30-ல். நடுவில் தொடர்ச்சியாக 25 வெற்றி.

அந்த வருடம் கடைசி நான்குக்குப் போன அணிகள் வட கரோலினா, யு.சி.எல்.ஏ., கன்சாஸ், மெம்ஃபிஸ். அதில் இரண்டை டேவிட்சன் டிசம்பர் பாதிக்குள்ளேயே பார்த்துவிட்டது. நான்கு புள்ளி, ஆறு புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசம் என்பதை ஆட்டக்காரன் மனது எப்படி எடுத்துக்கொள்ளும்? 'இவர்களோடு நம்மால் ஆட முடியும், கடைசி இரண்டு நிமிடத்தில்தான் கோட்டை விடுகிறோம்' என்று எடுத்துக்கொள்ளும். லீக்கில் தன்னைவிட எளிய அணிகளை முப்பது புள்ளியில் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பழக வாய்ப்பே வராது.

இன்னொரு சூட்சுமத்தையும் கவனியுங்கள். வட கரோலினா, டியூக் இரண்டு ஆட்டமும் சார்லட் நகரத்தின் பெரிய அரங்கத்தில் நடந்தன. ஐயாயிரம் பேர் உட்காரும் டேவிட்சன் கல்லூரி அரங்கத்துக்குப் பெரிய அணிகள் வர மாட்டார்கள். அவர்கள் கோட்டைக்கே போய் ஆடினால் கூட்டத்தின் சத்தத்தில் பாதி உயிர் போய்விடும். அதனால் வீட்டுப் பக்கத்தில் ஒரு பொது இடம். உங்கள் அதிபரிடம் இதைச் சொல்லுங்கள். கொழும்பு அணியைக் கொழும்பில்தான் சந்திக்க வேண்டும் என்று இல்லை. வவுனியாவிலோ கண்டியிலோ ஒரு கோர்ட் கிடைத்தாலும் போதும்.

என் அனுபவத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இப்படிப்பட்ட ஆட்டங்களை சீசனின் தொடக்கத்தில் வையுங்கள். லீக் புள்ளி பாதிக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன்பே, இன்று எதை எண்ணப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் பெஞ்சில் ஒரு பையனிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த ஒவ்வொரு தடவையும் கோடு போடச் சொல்வேன். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் போர்டைப் பற்றிப் பேசவே மாட்டேன். 'முதல் பாதியில் இத்தனை கோடு, இரண்டாம் பாதியில் இத்தனை கோடு' என்று மட்டும் பேசுவோம். இருபது புள்ளியில் தோற்ற அன்றுகூட, கோடு குறைந்திருந்தால் பையன்கள் தலை நிமிர்ந்து பஸ் ஏறுவார்கள். தயங்காமல் போய் ஆடுங்கள்.

ஸ்டீபன் கரி அந்த அணியில் இருந்தார், ஜெயித்தார்கள். இதில் கோச்சுக்கும் கல்லூரிக்கும் என்ன பெருமை? (வாசகர், மதுரை)

பிற்பாடு உலகப் புகழ் பெற்ற கரி இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 25.9 புள்ளி எடுத்தார். தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் 162 போட்டு, ஒரு சீசனுக்கான தேசியச் சாதனையை முறியடித்தார். அப்போது அவர் இரண்டாம் ஆண்டு மாணவர்.

ஆனால் கரி எப்படி டேவிட்சனுக்கு வந்தார் என்று பாருங்கள். அப்பா டெல் கரி, என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஆட்டக்காரர். பையனோ ஒல்லி, உயரமும் அதிகமில்லை. அப்பா படித்த வர்ஜீனியா டெக், உதவித் தொகை இல்லாமல் வந்து சேர்ந்துகொள் என்ற அளவுக்குத்தான் வழி காட்டியது. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரைக் கேட்கவில்லை. மெக்கிலப்புக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தன் மகனோடு பேஸ்பால் ஆடிய பையன் அவன். கரியின் முதல் கல்லூரி ஆட்டத்தில் 13 தடவை பந்து பறிபோனது. பெரிய இடத்தில் ஒரு புதுப் பையன் அப்படி ஆடியிருந்தால் பல வாரம் பெஞ்சில்தான் இருந்திருப்பான். மெக்கிலப் மறுநாளும் அவரையே இறக்கினார். மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி. அந்த நம்பிக்கைக்கு யாருக்குப் பெருமை கொடுப்பீர்கள்?

மெக்கிலப் 1989-ல், லாங் ஐலண்டில் ஒரு உயர்நிலைப் பள்ளி கோச் வேலையிலிருந்து டேவிட்சனுக்கு வந்தார். முதல் சீசனில் 4 வெற்றி, 24 தோல்வி. கல்லூரி அவரை அனுப்பிவிடவில்லை. அவரும் பிற்பாடு அணி ஜெயிக்க ஆரம்பித்தபோது பெரிய சம்பளம் தேடிக் கிளம்பிவிடவில்லை. 2022-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். 600-க்கும் மேற்பட்ட வெற்றிகள். நமது ஊர்களில் மூன்று மாதத்தில் கோப்பை கேட்கும் நிர்வாகங்களுக்கு அந்த 4-24 என்ற எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு வருகிறேன். பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், ஜேசன் ரிச்சர்ட்ஸ். ஆட்டத்துக்கு 8.1 அசிஸ்ட் (சக ஆட்டக்காரன் புள்ளி எடுக்க வழி செய்யும் பாஸ்). அந்த வருடம் நாடு முழுவதிலும் அதுதான் முதலிடம். ஆண்ட்ரூ லவ்டேல் நைஜீரியாவின் பெனின் சிட்டியில் பிறந்து, இங்கிலாந்து வழியாக வந்த பையன். போர்டுக்கு அடியில் அவர் பிடித்த ரீபவுண்டுகள்தான் (ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்துகள்) கரிக்கு இரண்டாவது வாய்ப்புகளைக் கொடுத்தன. மாக்ஸ் போலுஸ் கோஸ்லன் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தவர். எதிரணியின் முக்கியமான ஆட்டக்காரனை ஒட்டிக்கொண்டே ஓடுவது அவர் வேலை. பெரிய கல்லூரிகள் கண் வைக்காத நாடுகளிலும் ஊர்களிலும் ஆள் தேடியதால் மெக்கிலப்புக்குக் கிடைத்தவர்கள் இவர்கள்.

இந்த அணியின் குணத்தை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அடுத்த சீசனின் ஒரு ஆட்டத்தில். 2008 நவம்பரில், மேரிலாந்தின் லயோலா அணி கரியைச் சுற்றி எந்நேரமும் இரண்டு பேரை நிறுத்தியது. பந்து எங்கே இருந்தாலும் சரி, இரண்டு பேர் அவரோடு. கரி என்ன செய்தார்? கோர்ட்டின் மூலையில் போய் நின்றுகொண்டார். மிச்சம் நான்கு பேர், எதிரில் மூன்று பேர். கரி எடுத்த புள்ளி பூஜ்யம். ஆட்டம் 78-48, டேவிட்சன் வெற்றி. முப்பது புள்ளி வித்தியாசம்! நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுக்கும் ஆட்டக்காரன் ஒரு முழு ஆட்டத்துக்கு மூலையில் நிற்கச் சம்மதிக்கிறான் என்றால், அந்த உடை மாற்றும் அறையில் அதற்கு முன்பு வருடக்கணக்காக வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேசியப் போட்டியில் யார் யாரை ஜெயித்தார்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் சார். (பிளஸ் ஒன் மாணவர், பெரியகுளம்)

அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர்க்காரன் கேட்கிறாய் தம்பி, விவரமாகவே சொல்கிறேன்.

அணிகளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் 1 (மிக வலுவான அணி) முதல் 16 வரை தர எண் கொடுப்பார்கள். டேவிட்சனுக்குக் கிடைத்தது 10. முதல் ஆட்டம் ராலே நகரத்தில், 7-ம் தர கோன்சாகாவோடு. இரண்டாம் பாதியில் பின்தங்கி இருந்தார்கள். கரி அந்தப் பாதியில் மட்டும் 30 புள்ளி, மொத்தம் 40. ஸ்கோர் சமமாக நின்ற கடைசி நேரத்தில் லவ்டேல் எதிரணி ஆட்களுக்கு நடுவில் ரீபவுண்டு எடுத்து வெளியே கொடுத்த பந்தைத்தான் கரி மூன்று புள்ளியாக மாற்றினார். 82-76. நாற்பது வருடக் காத்திருப்பு அங்கே முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜார்ஜ்டவுன். தர எண் 2. முந்தைய வருடம் கடைசி நான்குக்குப் போன அணி. நடுவில் ஏழடி இரண்டங்குல ராய் ஹிபர்ட். முதல் பாதியில் கரிக்கு 5 புள்ளிதான். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டேவிட்சன் 17 புள்ளி பின்தங்கிவிட்டது. எத்தனையோ அணிகள் அந்த இடத்தில் கலைந்து போய், ஆளுக்கு ஒரு பக்கம் அவசர எறிதல் போட ஆரம்பிக்கும். இவர்கள் தங்கள் ஆட்டத்தையே ஆடினார்கள். ஸ்கிரீன் (எதிரணி ஆளை மறித்து நின்று நம் ஆளுக்கு இடம் செய்வது), பாஸ், மறுபடி ஸ்கிரீன். கரி அந்தப் பாதியில் 25 புள்ளி. ரிச்சர்ட்ஸ் மொத்தம் 20. 74-70. அரங்கத்தில் வட கரோலினா பல்கலைக்கழக ரசிகர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தங்கள் அணியின் ஆட்டத்துக்காக வந்தவர்கள். அவர்களும் டேவிட்சனுக்காக எழுந்து நின்று கத்தினார்கள். நவம்பரில் நான்கு புள்ளியில் தோற்கடித்த பக்கத்து வீட்டுக்காரர்கள்!

அடுத்த கட்டம் டெட்ராய்ட்டில், அமெரிக்கக் கால்பந்துக்குக் கட்டிய ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு நடுவில். அவ்வளவு தூரம் மாணவர்கள் எப்படிப் போவார்கள்? கல்லூரியின் அறங்காவலர்கள் தங்கள் செலவில் பஸ், தங்குமிடம், டிக்கெட் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தார்கள். எதிரில் 3-ம் தர விஸ்கான்சின், தடுப்பாட்டத்துக்குப் பெயர் போன அணி. பாதி ஆட்டத்தில் 36-36. இரண்டாம் பாதியில் விஸ்கான்சின் மொத்த அணியும் சேர்ந்து 20 புள்ளி. கரி மட்டும் 22. ரிச்சர்ட்ஸ் 13 அசிஸ்ட் கொடுத்து, ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்கவில்லை. எனக்கு அந்த 13-க்குப் பூஜ்யம்தான் அன்றைய பெரிய சாதனை. 73-56.

கன்சாஸோடு நடந்த கடைசி ஆட்டத்தில் இறுதி எறிதலை கரி ஏன் எடுக்கவில்லை? இன்றைக்கும் மனசு ஆறவில்லை. (வாசகர், சென்னை)

எனக்கும் ஆறவில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன்.

2008 மார்ச் 30. ஸ்கோர் 59-57, கன்சாஸ் முன்னிலை. சுமார் 16 விநாடி மீதி, பந்து டேவிட்சனிடம். இரண்டு புள்ளி போட்டால் கூடுதல் நேரம், மூன்று போட்டால் கடைசி நான்கு. பந்தைக் கொண்டுவந்தவர் கரிதான். சக ஆட்டக்காரர் ஸ்கிரீன் வைக்க வந்தார், ஆனால் கன்சாஸ் அவருக்கு வழி விடவில்லை. இரண்டு பேர் கரி மேல் விழுந்து அடைத்தார்கள். எறிய இடமில்லை. விநாடிகள் ஓடுகின்றன. கரி ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து ரிங்குக்கு இடப்பக்கம் விலகிப் போனது. கன்சாஸ் கோச் பில் செல்ஃப் முழங்காலில் சரிந்துவிட்டார், அவ்வளவு பதற்றம் அவருக்கு.

கரிக்கு அன்று 25 முயற்சியில் ஒன்பதுதான் விழுந்தது. கன்சாஸ் ஆள் மாற்றி ஆள் அனுப்பி அவரைக் களைக்க வைத்திருந்தது. அந்த நிலையில் இரண்டு கைகளுக்கு மேலாக எறிவதைவிட, நாட்டிலேயே சிறந்த பாயின்ட் கார்டு ஆளில்லாமல் நிற்கும்போது அவரிடம் கொடுப்பதுதான் சரியான கூடைப்பந்து. சீசன் முழுக்க ரிச்சர்ட்ஸ் கரிக்குப் பந்து கொடுத்தார். கடைசிப் பந்தை கரி ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். கன்சாஸ் அந்த வருடச் சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸைக் கூடுதல் நேரத்தில் வென்றது. டேவிட்சனின் கணக்கு 29 வெற்றி, 7 தோல்வி.

இன்றைக்கு ஒரு சின்னக் கல்லூரி இப்படி வர முடியுமா? (வாசகி, பெங்களூரு)

வர முடியும். நிலைத்து நிற்பதுதான் கடினம்.

2022-ல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் அணி டேவிட்சனைவிடப் பெரிய அதிர்ச்சி கொடுத்தது. 15-ம் தர அணி. முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று சாய்த்தது. அப்புறம் மர்ரே ஸ்டேட், அப்புறம் பர்டியூ. 15-ம் தர அணி ஒன்று கடைசி எட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. வட கரோலினாவிடம் தோற்ற சில நாளில் கோச் ஷஹீன் ஹாலோவே தான் படித்த சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். முக்கியமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வேறு வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வரும்போது போகாதே என்று யார் சொல்வது?

2008-ல் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. அதே வருடம் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றும் ஆயிற்று. 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். பணம் அவர்களுக்குப் போய்ச் சேருவது நியாயம்தான், வெகுகாலம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள். ஆனால் ஒரு கரியை இரண்டாம் ஆண்டு வரை, ஒரு ரிச்சர்ட்ஸை நான்காம் ஆண்டு வரை ஒரே சின்னக் கல்லூரியில் வைத்திருப்பது இப்போது மிகவும் கஷ்டம். 2008-ன் அந்தப் புரிதல், யார் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே தெரிகிற அந்தப் பழக்கம், சேர்ந்து ஆடிய வருடங்களிலிருந்து வந்தது. எனக்கு உண்மையான கவலை அதில்தான்.

டேவிட்சனும் சும்மா இருக்கவில்லை. 2014-ல் இன்னும் வலுவான அட்லான்டிக் 10 கூட்டமைப்புக்கு மாறியது. மெக்கிலப்புக்குப் பிறகு அவர் மகன் மாட் மெக்கிலப் கோச் ஆனார். 2025 மார்ச்சில் கரியே, என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, தன் கல்லூரி அணிகளின் உதவிப் பொது மேலாளர் பொறுப்பை ஏற்றார்.

கரியின் 30-ம் எண் சட்டையை டேவிட்சன் பல வருடம் கழித்துத்தான் கௌரவித்ததாகப் படித்தேன். ஏன் அவ்வளவு தாமதம்? (வாசகர், சேலம்)

பட்டம் வாங்கியவர்களின் எண்ணுக்கு மட்டுமே கௌரவமாக ஓய்வு கொடுத்து, அதை மேலே மாட்டுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். கரி மூன்றாம் ஆண்டு முடித்ததும் 2009-ல் என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். அவர் கோப்பைகள் வாங்கினார், உலகப் புகழ் பெற்றார், விதி மாறவில்லை. மிச்சமிருந்த பாடங்களை முடித்து 2022-ல் சமூகவியல் பட்டம் வாங்கினார். அந்த ஆகஸ்ட் 31-ம் தேதி கல்லூரியிலேயே விழா எடுத்து, பட்டத்தையும் கொடுத்து, எண்ணையும் மேலே ஏற்றினார்கள். நான் இந்த விதிக்குத் தலை வணங்குகிறேன்.

என் மகனுக்கு வயது பதினான்கு, கூடைப்பந்தே உயிர். உயரம் குறைவு என்று தேர்வில் ஒதுக்குகிறார்கள். என்ன சொல்லித் தேற்றுவது? (ஒரு தாய், கோவை)

அம்மா, தேற்ற வேண்டாம், வேலை கொடுங்கள். கரி பள்ளியில் படிக்கும்போது உடம்பில் பலம் போதாமல் இடுப்பு உயரத்திலிருந்து பந்தைத் தூக்கி எறிவார். அப்படி எறிந்தால் உயரமானவர்கள் சுலபமாகத் தட்டிவிடுவார்கள். அப்பா ஒரு கோடை விடுமுறை முழுக்க அவர் எறியும் முறையையே மாற்றினார். பல வாரம் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று எறிய மட்டும்தான் அனுமதி. அந்தக் கோடையில் ஆட்டமே வெறுத்துப்போகும் அளவுக்கு அழுதார் பையன்.

உங்கள் மகனுக்கு இப்போது மூன்று புள்ளிக் கோட்டைக் காட்டாதீர்கள். ரிங்கிலிருந்து நான்கடி தூரத்தில், தலைக்கு மேலிருந்து, ஒரே மாதிரி எறியட்டும். இடது கையால் பந்து தட்டட்டும். தேர்வாளர் உயரத்தை அளந்துவிட்டு அனுப்பினால் அடுத்த ஊர்த் தேர்வுக்கு அழைத்துப் போங்கள். எனக்குத் தெரிந்து தேர்வில் ஒதுக்கப்பட்ட குள்ளப் பையன்கள்தான் பிறகு நல்ல பாயின்ட் கார்டுகளாக வந்திருக்கிறார்கள். பந்தைப் பாதுகாக்க அவர்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கச் சின்னக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து உதவித் தொகை கிடைக்குமா? (வாசகர், நாமக்கல்)

எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். முதல், இரண்டாம் பிரிவுகளில் விளையாட்டு உதவித் தொகை உண்டு, ஆனால் ஐவி லீக் போன்று கொடுக்காத கூட்டமைப்புகளும் இருக்கின்றன. மூன்றாம் பிரிவில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், அங்கே விளையாட்டுக்கென்று உதவித் தொகையே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும் கிடைக்கலாம். யாராவது தரகர் 'மூன்றாம் பிரிவில் கூடைப்பந்து உதவித் தொகை வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விளம்பரப் பணத்தை நம்பியும் கணக்குப் போட வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அங்கே வேலை செய்து சம்பாதிக்கக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு.

எங்கள் கிளப் பிள்ளைகளுக்கு இந்த அணியின் ஒரே ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் எதைக் காட்டலாம்? (கூடைப்பந்து கிளப் செயலாளர், கரூர்)

ஜார்ஜ்டவுன் ஆட்டத்தின் இரண்டாம் பாதி. முதல் தடவை சும்மா பார்க்க விடுங்கள், எல்லோரும் கரியைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இரண்டாம் தடவை, 17 புள்ளி பின்தங்கிய இடத்திலிருந்து போட்டு, பந்து இல்லாதபோது கரி எப்படி ஓடுகிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்கிரீன் பலிக்கவில்லை என்றால் நிற்காமல் அடுத்ததற்கு ஓடுவார். மூன்றாம் தடவை அந்த ஸ்கிரீன் வைக்கும் பெரிய பையன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் எங்கே ஊன்றுகிறார்கள், எப்போது திரும்பி ரிங்கை நோக்கிப் போகிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். அன்று மாலையே கோர்ட்டில் இறங்கி, பந்து தட்டாமல், பாஸ் மட்டும் வைத்து ஐந்துக்கு ஐந்து ஆட விடுங்கள். மூன்றாவது நாள் அதையே மறுபடி செய்யுங்கள்.